மதிலுக்கு உள்ளே ஓர் ஆய்வகம், வெளியே ஓர் ஆய்வகம்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால், பச்சையாங்குப்பத்தில் தொடங்கி சங்கொலிக்குப்பம் வரை இடது கைப்பக்கம் ஆலைகள் நிற்கும். அவற்றின் முதுகுப் பக்கம் உப்பனாறு, அதற்கும் அப்பால் கடல். நடுநடுவே குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி என்று ஊர்கள். 1980களின் முற்பகுதியில் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயப்பொருள், அமிலம் என்று பெரும்பாலும் ரசாயனம் சார்ந்த தொழில்கள் வந்து சேர்ந்தன.

ரசாயன ஆலை என்றால் அதற்குள் ஒரு லேப் இருந்தே தீரும். டேங்கர் லாரி வாசலுக்கு வந்ததும் சரக்கை இறக்கிவிட மாட்டார்கள். முதலில் ஒரு குப்பியில் மாதிரி எடுத்து, குவாலிட்டி கண்ட்ரோல் லேப் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வால்வைத் திறப்பார்கள். தயாரிப்பு நடக்கும்போது மாதிரி எடுப்பார்கள், முடிந்த பிறகும் எடுப்பார்கள். வாயு நிறப்பிரிகைக் கருவி இரவும் பகலும் ஓடும். மருந்து மூலப்பொருளில் வேண்டாத சேர்மம் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் அது என்ன என்று அடையாளம் காண வேண்டும். கடைசியில், ஒவ்வொரு பேட்சிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, எண் ஒட்டி, அலமாரியில் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பார்கள். நாளைக்கு வாங்கியவர் குறை சொன்னால், அந்தக் குப்பியைத் திறந்து மறுபடி சோதிக்கலாம்.

மதிலுக்கு வெளியே இப்படி ஓர் அலமாரி கிடையாது. 1985இல் குடிகாட்டில் வாழ்ந்த ஒருவரின் இரத்தத்தில் என்ன இருந்தது, இன்று அவர் பேத்தியின் இரத்தத்தில் என்ன இருக்கிறது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், திறந்து பார்க்க எந்தக் குப்பியும் இல்லை. பொது மருத்துவ அமைப்பில் ஆய்வகச் சேவையை எப்படி வளர்ப்பது என்று பேசும்போது கருவிகளின் எண்ணிக்கை, கட்டடம், பணியிடம் என்றுதான் பேச்சு போகிறது. அவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஓர் ஆய்வகம் தான் எந்த ஊரில் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும், அந்த ஊரின் உடல்நிலையை ஆண்டுதோறும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதை நான் அதற்கும் மேலாக வைக்கிறேன். அதற்குச் சிப்காட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

*

மருத்துவமனை லேப்புக்குத் தரக் கட்டுப்பாடு வந்ததே தொழிற்சாலையிலிருந்துதான். 1924இல் அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலர் ஒரு வரைபடம் போட்டார். எந்தத் தயாரிப்பிலும் சிறு ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும். இயல்பான ஏற்ற இறக்கம் எது, ஏதோ கோளாறு நேர்ந்ததால் வந்த விலகல் எது என்று பிரித்துக் காட்டுவதற்கான படம் அது.

இருபது ஆண்டுகள் மருத்துவமனைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1947இல் பெல்க், சண்டர்மேன் என்ற இருவர் பென்சில்வேனியாவில் 59 மருத்துவமனை ஆய்வகங்களுக்கு, அளவு முன்பே தெரிந்த மாதிரிகளை அனுப்பிச் சோதிக்கச் சொன்னார்கள். திரும்பி வந்த விடைகளில் ஏற்கத்தக்கவற்றைவிட ஏற்க முடியாதவையே அதிகம். ஒரே கரைசலுக்கு ஒவ்வொரு லேப்பும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லியிருந்தது. அந்த எண்களை நம்பித்தான் மருத்துவர்கள் இன்சுலின் அளவை முடிவு செய்துகொண்டிருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1950இல், லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் ஷூஹார்ட்டின் படத்தை மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க லேப் சுவர்களில் தொங்குவது அந்தப் படம்தான்.

செய்முறை எளிது. அளவு தெரிந்த கண்ட்ரோல் சீரத்தை நோயாளிகளின் மாதிரிகளோடு தினமும் கருவியில் ஏற்ற வேண்டும். வந்த எண்ணைப் படத்தில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். நடுக்கோட்டின் இருபுறமும் புள்ளிகள் சிதறி விழுந்தால் கவலையில்லை. ஒரு புள்ளி எல்லையைத் தாண்டி எகிறினால் அன்றைய முடிவுகளை வெளியே விடக் கூடாது. இதைவிட நுட்பமான ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள்ளேயே இருக்கும், ஆனால் பத்து நாளாக ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ரீஏஜென்ட் கெட்டுக்கொண்டு வருகிறது, அல்லது கருவியின் விளக்கு மங்குகிறது என்று பொருள். அனுபவமுள்ள லேப் டெக்னீஷியன் இந்தச் சாய்வைத்தான் முதலில் பார்ப்பார்.

இந்தப் படத்தால் மட்டும் ஒரு லேப் தன்னைத்தானே முழுதாகத் திருத்திக்கொள்ள முடியாது. பிறர் அனுப்பும் மாதிரியைச் சோதித்து, ஊரில் மற்றவர்கள் சொன்ன விடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. மாதந்தோறும் சோதிக்க வேண்டிய மாதிரிகள் நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குப் போகின்றன. ஒரு லேப் மற்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அறிக்கையாகத் திரும்பி வருகிறது. இதற்குப் பெரிய செலவில்லை. அரசு மருத்துவமனையோ, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சிறு லேப்போ, இதில் சேரலாம். தமிழ்நாட்டில் ஆய்வகத் தரத்துக்காக நடந்த வேலைகளில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

*

கருவி சரியாக இருந்தும் விடை தவறாக வருவது உண்டு. லேப் தவறுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடலூர் வெயிலில் இது இன்னும் கூர்மையான சிக்கல்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு ஒருவருக்கு இரத்தம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டியூபுக்குள் போன பிறகும் இரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. வெயிலில் இந்த வேகம் கூடும். டியூப் மூன்று மணி நேரம் கழித்துத் தலைமை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால், வெறும் வயிற்றில் 130 இருந்த சர்க்கரை 110க்குக் கீழே இறங்கியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற சீட்டோடு வீடு திரும்புவார். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் ஃப்ளூரைடு சேர்த்திருக்கிறார்கள். அது அணுக்களின் தீனியை நிறுத்துகிறது, ஆனால் உடனடியாக அல்ல. அதனால் டியூபைக் குளிர்ச்சியில் வைத்து, சீக்கிரம் பிரித்தெடுக்கவும் வேண்டும்.

பொட்டாசியத்தின் கதை இதற்கு நேரெதிர். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே பிளாஸ்மாவில் உள்ளதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். மெல்லிய ஊசியால் அவசரமாக இழுத்தாலோ, குண்டும் குழியுமான சாலையில் டியூப் குலுங்கினாலோ அணுக்கள் உடையும், பொட்டாசியம் வெளியே கொட்டும், ரிப்போர்ட்டில் எண் ஏறும். இதயம் நின்றுவிடும் என்று பயப்படவேண்டிய எண்ணாகக்கூட அது இருக்கலாம். ஆளோ வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே ‘லேப்’ என்று நாம் சொல்வது நரம்பில் ஊசி குத்துவதிலிருந்து மருத்துவர் கையில் சீட்டு கிடைப்பது வரை நீளும் ஒரு சங்கிலி. பெயரையும் எண்ணையும் டியூபில் ஒட்டுபவர், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பைக்கில் போகிறவர், ‘ரிசல்ட்டு எப்பம்மா வரும்?’ என்று கேட்கும் பாட்டிக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் என எல்லோரும் அதில் உண்டு. ஒரு மாவட்டத்துக்கு ஆய்வகச் சேவை அமைக்கும்போது கருவிக்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியையாவது ஐஸ் பெட்டிக்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

எந்தெந்தச் சோதனை எங்கே கிடைக்க வேண்டும் என்பதற்கும் இப்போது ஒழுங்கான பட்டியல் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அத்தியாவசியச் சோதனைகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டுக்கான பட்டியலைக் கொண்டுவந்தது. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டப்படி துணை சுகாதார நிலையத்தில் 14, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63, மாவட்ட மருத்துவமனையில் 134 சோதனைகள் கிடைக்க வேண்டும். இது பெரிய முன்னேற்றம். எளிய மனிதரின் மருத்துவச் செலவில் சோதனைக் கட்டணம் எவ்வளவு பெரிய பங்கு என்பது, ஒருமுறையாவது தனியார் லேப்பில் பில் கட்டிய எவருக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பட்டியல் நாடு முழுமைக்கும் பொது. ஜவ்வாது மலையில் இருக்கும் சுகாதார நிலையத்துக்கும், பிச்சாவரம் பக்கத்து மீனவர் குப்பத்துக்கும், ரசாயன ஆலையின் மதிலை ஒட்டிய ஊருக்கும் ஒரே பட்டியல்தான். அடித்தளமாக அது போதும். அதற்குமேல் ஒவ்வொரு இடத்துக்கும் தேவையானதைச் சேர்ப்பது அந்த மாவட்டத்தின் வேலை.

*

சிப்காட்டை ஒட்டிய மருத்துவமனைக்கு என்ன தேவை? மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

இந்தத் தொழிற்பேட்டையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தயாராகிறது. மற்ற அமிலங்களில் பெரும்பாலானவை தோலைச் சுடுவதோடு நின்றுவிடும். இது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் வேகமாகக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வெளியே தெரியும் புண் உள்ளங்கை அகலமே இருக்கலாம், ஆபத்து உள்ளே இருக்கும். மாற்று மருந்து கால்சியம் குளுகோனேட், எல்லா மருத்துவமனைகளிலும் உள்ளதுதான். தேவையான சோதனை சீரம் கால்சியம், அதுவும் எல்லா லேப்பிலும் உள்ளதுதான். இங்கே புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் மணிக்கொருமுறை கால்சியம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது ஏன் அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அனிலின், நைட்ரோபென்சீன் வகைப் பொருட்கள். சாயத் தொழிலிலும் மருந்துத் தொழிலிலும் புழங்குபவை. இவை ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. உதடு நீலம் பாரிக்கும், ஆக்சிஜன் கொடுத்தும் நிறம் மாறாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த நிலையில் ஏமாற்றும். மெத்ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறினாலும் அது 85 சதவீதத்தை ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். சரியான அளவைச் சொல்ல கோ-ஆக்சிமீட்டர் வேண்டும். அது இல்லாத இடத்தில் பழைய முறை ஒன்று கைகொடுக்கும். ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் விட்டுக் காற்றுப் படும்படி வைத்தால், சாதாரண இரத்தம் சிவக்கும், மெத்ஹீமோகுளோபின் இரத்தம் சாக்லேட் பழுப்பாகவே இருக்கும். மருந்து மெத்திலின் புளூ. ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து நிலைமை மோசமாகும். எனவே அந்தச் சோதனையும் கைவசம் வேண்டும்.

மூன்றாவது, பூச்சிக்கொல்லி. ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. நெல்லும் கரும்பும் விளையும் மாவட்டம் என்பதால் பூச்சி மருந்து நச்சு இங்கே மருத்துவர்களுக்குப் பழகிய ஒன்று. இரத்தத்தில் இந்த நொதியை அளப்பதும் பெரிய மருத்துவமனைகளில் வழக்கமான சோதனைதான். சிக்கல், அந்த எண்ணுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதில் இருக்கிறது. இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும். இயல்பு அளவு 5,000 முதல் 12,000 வரை என்று ஒரு கிட்டின் தாளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பிறவியிலேயே 11,000. ஆலையில் மெல்ல மெல்ல நச்சுப் பட்டு அது 6,000க்கு இறங்குகிறது. அவர் நொதியில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி விழாது. ‘நார்மல்’ என்றுதான் எழுதியிருக்கும்.

கலிபோர்னியாவில் இதைப் புரிந்துகொண்டு 1970களிலேயே விதி கொண்டுவந்தார்கள். பூச்சிக்கொல்லி கலப்பவருக்கும் தெளிப்பவருக்கும் வேலையைத் தொடங்கும் முன்பே கோலினெஸ்டரேஸ் அளந்து குறித்துவைக்க வேண்டும். பிறகு எடுக்கும் அளவு, அவருடைய சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலைமுறையைச் சரிபார்க்க வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். ஊராருடைய சராசரியோடு ஒப்பிடும் பேச்சே அதில் இல்லை. நேற்றைய நீயும் இன்றைய நீயும் என்பதுதான் கணக்கு.

நம் நாட்டிலும் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான செயல்முறையில் வேலை செய்பவர்களின் உடல்நலப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், வேலைக்குச் சேர்க்கும் முன்பும் அதன்பின் குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், தொழிலாளிக்குத் தன் பதிவேட்டைப் பார்க்க உரிமை உண்டு என்பது அதன் சாரமாக இருந்தது. ஆனால் அது ஆலைக்குள் வேலை பார்ப்பவருக்காக வந்தது. அதே காற்றை இருபத்துநான்கு மணி நேரமும் மூச்சிழுக்கும் குடிகாட்டுக் குழந்தைக்கு அந்தச் சட்டத்தில் பதிவேடு இருக்கவில்லை.

*

இப்படி முன்கூட்டியே அளந்து குறித்துவைத்த முன்னளவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போபாலே சான்று. 1984 டிசம்பர் 2 இரவு மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. மறுநாள் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோர். உடலுக்குள் சயனைடு வேலை செய்கிறதா என்ற கேள்வி எழுந்தது. செய்கிறது என்றால் சோடியம் தயோசல்ஃபேட் ஊசி உதவக்கூடும். சிறுநீரில் தயோசயனேட் எவ்வளவு என்று பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். ஆனால் தயோசயனேட் எல்லோர் சிறுநீரிலும் கொஞ்சம் இருக்கும், பீடி சிகரெட் பிடிப்பவருக்கு அதிகமாக இருக்கும். போபால்வாசிகளுக்கு டிசம்பர் 2க்கு முன் எவ்வளவு இருந்தது? யாரும் அளந்ததில்லை. அந்த ஊசி போடலாமா கூடாதா என்று வாதம் நீண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு நடத்தி, அதைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது 1985 பிப்ரவரி. அந்த இரண்டு மாதங்கள் திரும்பி வராது.

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது வேறு. அங்கே ஒரு ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியே மனிதருக்கு வந்தது. நோய் முதலில் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். பிறக்கும்போதே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய் வயிற்றில் எவ்வளவு பாதரசம் சேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வழி உண்டா? உண்டு. ஜப்பானியத் தாய்மார் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு மரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய் அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கி, மெத்தில் பாதரசத்தை அளந்தார்கள். எந்தெந்த ஆண்டில் பிறந்த குழந்தைகளின் கொடியில் நச்சு ஏறியது, எப்போது இறங்கியது என்பது தெரிந்தது. ஆலையின் உற்பத்தியோடு அது சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கியிருந்தது. நம் வீடுகளிலும் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டும் வழக்கம் உண்டு. அறிவியல் கேட்கும் மாதிரியை ஒரு தாய் எந்த அறிவியலும் சொல்லாமலே காத்து வைத்திருந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

*

கடலூரில் இதுவரை அளந்ததெல்லாம் பெரும்பாலும் காற்றும் நீரும்தான். அதிலும் மக்கள்தான் முந்திக்கொண்டார்கள். 2004இல் சிப்காட் சுற்றுக் கிராமத்தவர் பயிற்சி பெற்று, சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகத் தங்களை அமைத்துக்கொண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, துர்நாற்றம் வீசும் நேரத்தில் காற்றைப் பிடித்து, கலிபோர்னியாவில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் 22 ரசாயனங்கள் தெரிந்தன. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அவற்றில் இருந்தன. குடிகாட்டுக் காற்றில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டறிய அது கடல் கடந்து போக வேண்டியிருந்தது. பிறகு தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி ஆய்வு செய்தது. இப்பகுதி மக்களுக்குப் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று அதன் அறிக்கையை மேற்கோள் காட்டி 2008இல் செய்திகள் வந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீட்டு மதிப்பெண் போட்டபோது கடலூர் பெற்றது 77.45. எழுபதைத் தாண்டினாலே மிகக் கடுமையான மாசு.

அந்த 2,000 மடங்கு என்ற எண்ணை மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காற்றில் ஒரு ரசாயனம் இவ்வளவு இருக்கிறது, ஒருவர் வாழ்நாள் முழுக்க அதை மூச்சிழுத்தால் இவ்வளவு அபாயம் கூடும் என்ற வாய்பாட்டின்படி வரும் கணக்கு அது. காற்றிலிருந்து மனிதரை ஊகிக்கும் கணக்கு. நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை, எச்சரிக்கை மணியாக அது மிகத் தேவையானது. ஆனால் யாருடைய உடலில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மருத்துவ ஆய்வகம்.

சட்டம் இறந்தவருக்கு இந்த வசதியைத் தந்திருக்கிறது. சந்தேகமான மரணம் என்றால் உள்ளுறுப்பு ரசாயனப் பகுப்பாய்வுக்குப் போகும். மெட்ராஸில் அதற்கான ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இலேயே தொடங்கிவிட்டது. உயிரோடு நடமாடும் ஒருவர், தலைவலியும் எரிச்சலுமாகப் பத்து ஆண்டு புறநோயாளிச் சீட்டோடு அலைபவர், தன் இரத்தத்தில் ஏதாவது ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு வழக்கமான வழி ஒன்றும் இல்லை. 2021 மே 13 அன்று இதே தொழிற்பேட்டையில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நேர்ந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பரில் ஓர் ஆலையிலிருந்து கசிந்த ரசாயனப் புகை குடிகாட்டு மக்களைப் படுக்கையில் தள்ளியது. இப்படிப்பட்ட நாளில் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் முதல் ஒரு மணி நேரத்திலேயே எடுத்து உறையவைக்க வேண்டும். என்ன கசிந்தது என்று அப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்த பிறகு சோதிக்கலாம். மறுநாள் எடுத்தால் பல பொருட்கள் சிறுநீரோடு வெளியேறிவிட்டிருக்கும்.

*

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் பொது சுகாதாரம் ஒருமுறை இதைச் செய்து காட்டியிருக்கிறது. காசநோய்த் திட்டத்தில், சுமார் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சளிப் பரிசோதனை மையங்களை நாடு முழுக்க அமைத்தார்கள். ஒவ்வொரு மையத்திலும் பார்த்து முடித்த சிலைடுகளைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. மேற்பார்வையாளர் வந்து சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப்போவார். முதலில் என்ன விடை சொன்னார்கள் என்று தெரியாமலே மற்றொருவர் அவற்றை மறுபடி பார்ப்பார். முரண்பாடு வந்தால் அந்த மையத்துக்குப் போய் ஏன் என்று விசாரிப்பார்கள். மேலே மாநில ஆய்வகம், அதற்கும் மேலே சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஒரு சிற்றூர் நோயாளியின் சளி, தேவைப்பட்டால், உலகத் தரமுள்ள ஆய்வகம் வரை படியேறிப் போகும். காசநோய்க்கு இந்த ஏணி உண்டு. மற்ற நோய்களுக்கும் நச்சுகளுக்கும் அந்த ஏணியை விரிக்கவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி பணம், தனித்தனி பதிவேடு, தனித்தனி குளிர்பெட்டி என்று வளர்ந்ததுதான் காரணம்.

கடலூர் மாவட்டத்துக்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021இல் அரசு உயர்கல்வித் துறையிடமிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக்கியது. சிப்காட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உயிர்வேதியியல், சமூக மருத்துவம், தடயவியல் மருத்துவம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை. மைய ஆய்வகம் அங்கே, அவசரச் சோதனைகள் கடலூர் தலைமை மருத்துவமனையில், மாதிரி எடுப்பது சிப்காட்டை ஒட்டிய சுகாதார நிலையங்களில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஆலைகளில் என்னென்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் அவசரச் சிகிச்சைப் பிரிவின் சுவரில் தமிழில் ஒட்டியிருப்பது. 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள்படி ஆலைக்கு வெளியே நேரும் விபத்துக்கான திட்டம் மாவட்டத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்குள் லேப் ஓர் அங்கமாக வர வேண்டும். எந்த ரசாயனத்துக்கு எந்த டியூப், எவ்வளவு நேரத்துக்குள், எந்தக் குளிரில் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

அடுத்து முன்னளவு. எல்லோருக்கும் எல்லாம் அளக்கத் தேவையில்லை. சிப்காட் ஊர்களிலிருந்து சில நூறு பேர், கடற்காற்றும் வேளாண்மையும் ஒத்த, ஆலை இல்லாத வேறு ஊர்களிலிருந்து அதே எண்ணிக்கை. கோலினெஸ்டரேஸ், ஈயம், சிறுநீரகச் செயல்பாடு, இரத்த அணுக்கள், நுரையீரல் கொள்ளளவு. ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களுக்கு அதே சோதனைகள். அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை இப்படி நாடு தழுவி இரத்தத்தில் ஈயம் அளந்தபோது, பெட்ரோலில் ஈயம் குறைந்த அதே வேகத்தில் மனிதரின் இரத்தத்திலும் 37 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து ஒழிக்க அந்த எண்கள் அரசுக்குக் கைகொடுத்தன.

மாதிரியைச் சேமிப்பதில் கடலூருக்கே உரிய ஒரு கவலை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியை மட்டும் நம்பினால் ஒரு புயல் பத்தாண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும். அதனால் ஒவ்வொருவரிடமும் சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் விட்டுக் காயவைத்தும் வைக்க வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு உலகெங்கும் 1960களிலிருந்து செய்வதுதான். டென்மார்க்கில் 1982 முதல் பிறந்த குழந்தைகளின் உலர்ந்த இரத்தப் புள்ளிகளை இன்றும் பாதுகாக்கிறார்கள். எல்லா ரசாயனத்தையும் அதில் தேட முடியாது, ஈயம் போன்ற சிலவற்றைத் தேடலாம். ஒரே உறைபெட்டியில் எல்லாவற்றையும் வைக்காமல் சிதம்பரத்தில் ஒரு பாதி, சென்னையில் ஒரு பாதி என்று பிரித்து வைப்பதும் வேண்டும்.

இதில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒரு நிபந்தனை உண்டு. இந்தப் பதிவேடு ஆலைகளின் கையில் போகக் கூடாது. காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒருவரின் கோலினெஸ்டரேஸ் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் மேஸ்திரி அவரை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட முடியும். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் கையை நீட்ட மாட்டார்கள். பெயர் மக்கள் நல்வாழ்வுத் துறையிடம், ஊர்வாரியான எண்கள் பொதுவெளியில், சொந்த எண் அவரவரிடம். சோதனைக்கு ஒப்புக்கொள்வதும் பாதியில் விலகுவதும் அவரவர் விருப்பம். வீட்டுக்கு வரும் சீட்டு தமிழில் இருக்க வேண்டும், பாஸ்புக்கில் வரவு எழுதுவதுபோல் போன ஆண்டின் அளவும் இந்த ஆண்டின் அளவும் அடுத்தடுத்த வரியில் இருக்க வேண்டும். வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எந்த மருத்துவரை, எந்தக் கிழமையில், எந்த அறையில் பார்க்க வேண்டும் என்பது கீழே அச்சாகியிருக்க வேண்டும்.